அண்ணன் சொன்ன பொது லேப்

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் தண்ணீரைச் சுத்திகரித்துக் கேனில் அடைத்து விற்றவளை எல்லோரும் 'கேன் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் கையால் அழுத்தி மூடிய மூடியைத் திறக்க ஆண்பிள்ளைகளே திணறுவார்கள். அவளை இந்தத் தொழிலில் இறக்கிவிட்டது உடன்பிறந்த அண்ணன். அந்த வட்டாரத்திலேயே பெரிய தண்ணீர் ஆலை அவனுடையது. ஆலைக்காரர்கள் சங்கத்துக்கும் அவனே தலைவன்.

தண்ணீரை லேபில் சோதித்த பிறகே விற்க வேண்டும் என்று அரசு விதி கொண்டுவர நினைத்தது. விதி வந்தால் போட்டி என்ன ஆகும், சின்ன ஆலைகள் தாக்குப்பிடிக்குமா என்று மதிப்பிட ஒரு பெண் அதிகாரி கூட்டம் போட்டார். கூட்டத்துக்கு முந்தின நாள் அண்ணன் அவள் ஷெட்டுக்கு வந்தான்.

"நீ பாட்டுக்கு முடியாதுன்னு சொல்லிடாதே. அப்புறம் நம்ம தண்ணியே சரியில்லைன்னு பேசுவாங்க. எல்லாருக்கும் சேர்த்து ஒரு பொது லேப் வைக்க நான் ஏற்பாடு பண்றேன்."

"நீ சொன்னா சரிண்ணா."

கூட்டத்தில் எழுந்து, "எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லீங்க" என்றாள். அவளைப் பார்த்து மற்ற சின்ன ஆலைக்காரர்களும் தலையாட்டினார்கள்.

விதி வந்தது. லேப் அந்தந்த ஆலைக்குள்ளேயே இருக்க வேண்டும். பொது லேப் செல்லாது. அவள் ஷெட்டில் கேன் கழுவவே இடம் போதாது. அடித்துப் பிடித்து அதிகாரியிடம் ஓடினாள்.

"விதியை எழுதும்போது பொது லேபுக்கு நாங்க இடம் விட்டிருந்தோமேம்மா. வேண்டாம்னு எடுக்கச் சொன்னதே உங்க சங்கத் தலைவர்தான்" என்றார் அவர். தலைவர் இவளுக்கு அண்ணன் என்பது அவருக்குத் தெரியாது.

அங்கிருந்து நேரே அண்ணனின் ஆலைக்குப் போனாள். அங்கே லேப் ஏற்கெனவே தயாராக இருந்தது. கண்ணாடிக் குழாய்களின் மேல் சுற்றிய தாளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"ஏண்ணா இப்படிப் பண்ணே?"

"தொழில் வேற, உறவு வேற. என் கேனை எடுத்து வித்துக்கோயேன். உன்னை அப்படியே விட்டுடுவேனா?"

"என் கடையை என் வாயாலேயே மூட வெச்சிட்டியே."

ஷெட்டை மூடினாள். அவளை நம்பித் தலையாட்டியவர்கள் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். விதியை மறுபடி ஆராயக் கூட்டம் என்று கேள்விப்பட்டதும், வீடு வீடாகப் போய்த் திட்டு வாங்கி, அவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பொது லேபுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அதற்குள் பாதிப் பேர் இயந்திரத்தை விற்றுவிட்டு வேறு பிழைப்புத் தேடிப் போயிருந்தார்கள்.

அவள் மறுபடி கேன் நிரப்பத் தொடங்கிய பிறகு, அண்ணி சமாதானம் பேச வந்தாள். கேன் அக்கா அவளை நாற்காலி போட்டு உட்காரவைத்து, பிள்ளைகளைப் பற்றியெல்லாம் நன்றாகத்தான் விசாரித்தாள்.

"உங்கண்ணன் வெளியே வண்டியிலதான் இருக்காரு. கூப்பிடட்டுமா?"

"வேண்டாம் அண்ணி" என்று எழுந்து போய் மோட்டாரைப் போட்டாள்.