வெயில் காய்ந்த நாளில் வெட்டிய ஆற்றுவாய்

செப்பில் செய்த அந்த மழைமானிக்கு மேலே, நான்கு கம்பு நட்டு, வெளுத்த வெள்ளைச் சீலையால் மேற்கட்டி கட்டியிருந்தார்கள். கரடியனாற்று வயல்வெளியில் அதைக் கண்டதும் எங்கள் ஓவசியர் ஐயா சைக்கிளை விட்டு இறங்கவும் மறந்து நின்றுவிட்டார். அரசாங்கத்துச் சாமானை வெறும் வானத்தின் கீழ் விடுவது மரியாதையில்லை என்று, வயல்களுக்குப் பொறுப்பான வட்டை விதானையார் செய்த உபசாரம் அது. கோயிலுக்கும் கலியாணத்துக்கும் கட்டுகிற வெள்ளையை மழை அளக்கிற பாத்திரத்துக்கும் கட்டிவிட்டார். அடைமழைக் காலத்திலும் கரடியனாற்றிலிருந்து 'மழை சொற்பம்' என்றே தகவல் வந்துகொண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

உலக யுத்தத்துக்கு முந்திய காலம். நான் மட்டக்களப்பில் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர். வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியரான ஐயா பொல்லாத முன்கோபி; அவர் ஏச்சு வாங்காதவர் கந்தோரில் எவரும் இல்லை, நான் உட்பட. ஆனால் அன்று, "விதானையார், இதுக்கு வானம்தான் மேற்கட்டி. வெள்ளையச் சுத்திவர வேலியில கட்டுங்க" என்றார். விதானையார் முகம் வாடவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு ஐயாமேல் பெரும் பிரியம் உண்டாகிவிட்டது. அந்த மழைமானி வரும்வரை பட்டினத்தில் மட்டுமே மழை அளந்தார்கள். பட்டினத்தை ஒட்டிக் கிடக்கும் வாவியை, அந்தக் கடற்கழியை, நிரப்புவது மேற்கே காட்டுப்பக்கம் பெய்கிற மழை. பட்டினத்து முற்றத்தை அளந்து யாருக்கு என்ன லாபம் என்று ஐயா மேலிடத்துக்கு எழுதித் தொலைத்தார். அவருடைய கரைச்சல் தாங்காமல்தான் மூன்று மழைமானிகள் கொடுத்தார்கள். ஒன்று விதானையாரிடம், மற்றவை உள்ளே இரண்டு குளக்கட்டுகளில். தகவல்கள் ஏறாவூரில் ஒரு முஸ்லிம் கடைக்கார நானாவிடம் சேரும். அவர் கடையை அப்படியே விட்டுவிட்டுத் தபால் கந்தோருக்கு ஓடித் தந்தி கொடுப்பார்.

அடுத்த மாரியில் ஒரு நாள், பட்டினத்தில் நல்ல வெயில். தந்தியோ மூன்று இடத்திலும் பேய்மழை என்றது. அந்தத் தண்ணீர் மறுநாள் வாவிக்கு வந்துவிடும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் ஆற்றுவாய் மணலால் அடைபட்டுக் கிடந்தது. வெட்டாவிட்டால் வாவி ஏறி, ஓரத்து இளம்பயிர் அழுகும். வெட்டினால் இறாலெல்லாம் கடலுக்குப் போய்விடும். உத்தரவு தரவேண்டிய வெள்ளைக்காரத் துரை ஊரில் இல்லை. வெட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வாவியில் இறால் பிடிக்கும் தோணிக்காரர்களில் மூத்தவர் கந்தோருக்கே வந்துவிட்டார்.

"வெயிலப் பாருங்க ஐயா. எங்கட வயித்தில மண்ணள்ளிப் போடாதீங்க."

"ஓம், இஞ்ச வெயில்தான். ஒரு இடத்தில மழையெண்டா நானும் நம்பியிருக்க மாட்டன். மூணு இடமும் ஒரே சொல்லாச் சொல்லுது. வெள்ளம் வராட்டி என்ர உத்தியோகம் போகும். தெரிஞ்சுதான் வெட்டச் சொல்றன்."

வெட்டினார்கள். அன்று மாலைவரை வெயில் காய்ந்தது. மறுநாள் செந்நிறமாக வெள்ளம் வந்து, வெட்டிய வாயால் கடலுக்கு ஓடியது. பயிர் தப்பியது. கந்தோரே கொண்டாட, ஐயா மட்டும் என்னையும் கூட்டிக்கொண்டு மூத்தவர் வீட்டுக்குப் போனார். "வயல் தப்பிட்டு, நாங்க தப்பல்ல" என்றார் மூத்தவர். "எங்களுக்கும் முந்தியே சொல்லியிருந்தா வலையப் போட்டு அள்ளியிருப்பமே!" முன்கோபி ஐயா, "அது எனக்குப் படல்லியே" என்றார். அப்படி ஒப்புக்கொண்ட வேறொரு உத்தியோகத்தரை நான் கண்டதில்லை.

இன்று வானொலி நாடு முழுவதற்கும் வானிலை சொல்கிறது, நல்லதுதான். அன்று, அதற்குப் பிறகு தந்தி வந்தால் முதல் ஆள் போனது தோணித்துறைக்கு. அடுத்த முறை ஆற்றுவாயில் மண்வெட்டிகளோடு நின்றவர்களை ஐயா காக்க வைத்தார். வாவி நிறையத் தோணிகள், வலைகள். கடைசி வலையும் ஏறியபின், தோணியில் எழுந்து நின்று, "இனி வெட்டுங்க!" என்று கத்தியவர் அந்த மூத்தவர்தான்.