வெளியாட்கள் முந்நூறு பேர்

யூஜினா இலங்கை மலையகத்தில் றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கம்பியூட்டர் கிளார்க். அவள் அம்மா தெரேசா அங்கேயே கொழுந்து பறிக்கிறாள். இருவருக்கும் வாய் கொஞ்சம் நீளம்.

தராசில் கொழுந்து நிறுக்கும்போது பெண்கள் கைரேகை வைப்பார்கள். கணக்கு நேரே ஆபீஸ் சேர்வருக்குப் போகும். அந்த மென்பொருளுக்குப் புது லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. தோட்டத்து ஆட்களென்றால் தலைக்கொன்று. வெளியாட்களென்றால் எத்தனை பேருக்கும் ஒன்றே போதும். எந்தப் புண்ணியவான் எழுதிய சட்டமோ!

"முந்நூறு பேரையும் வெளியாள்னு போடு," என்றார் தோட்டத்து மேனேஜர் தொரை.

"சரிங்க தொரை."

போட்டாள். அந்தப் பட்டியலின் ஒரு பிரதியை, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துப் பலகையிலும் ஒட்டினாள்.

மறுநாள் காலை பெரட்டுக்கு ஒருத்தியும் வரவில்லை. தொரை தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினார். தெரேசா வாசலில் சாவகாசமாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

"வெளியாளுக்கு ஏதுங்க பெரட்டு?"

தொரை வேர்த்து விறுவிறுத்து ஆபீசுக்குத் திரும்பினார். யூஜினா நிதானமாகச் சொன்னாள்: "ஆளுக்கு எடுக்காம தராசுக்கு ஒரு லைசென்ஸ் எடுக்கலாமுங்க. அதுல யார் கைரேகை வச்சாலும் செல்லும்."

"இத நேத்தே சொல்லக் கூடாதா?"

"நேத்து எங்கம்மா வெளியாளுங்களே தொரை. வெளியாளு மக தோட்டத்து விஷயத்துல மூக்க நுழைக்கலாமுங்களா?"