சத்தம் போடாத பெட்டி

பாய்லர்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். அவருக்குக் காது மந்தம் என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. இளவட்டமாக ஆலையின் கொதிகலன் அறைக்குள் நுழைந்தவர், நரை விழுந்த பிறகும் அங்கேயேதான் கிடந்தார். அந்த இரைச்சலில் காது என்னத்துக்கு ஆகும்? ஆனால் மனிதர் ஒத்துக்கொள்ள வேண்டுமே! இப்போதெல்லாம் எவனும் வாயைத் திறந்து பேசுவதில்லை, எல்லாம் முணுமுணுப்பு என்பார். லாரி ஹாரன் கேட்கும். கதவை இடித்தால் கேட்கும். குக்கர் விசில் கேட்காது. கொசு காதோரம் வந்து கச்சேரியே நடத்தினாலும் கேட்காது. ஒருமுறை அவர் மனைவி விளையாட்டாக, விசில் வந்தது கூடத் தெரியாத செவிட்டு மகாராஜா என்று சொல்லிவிட்டாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவர் மறுநாளும் வீட்டில் கை நனைக்கவில்லை. அன்றோடு அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

அவளுக்குத்தான் தலைக்குள் கட்டி வந்தது. அறுக்க முடியாத இடம் என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். இருக்கிறவரை நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள், சத்தம் மட்டும் ஆகாது என்றார். உண்மைதான். கரண்டி கீழே விழுந்தால் அவள் கண் இறுக மூடி, முகம் சுருங்கிப் போகும். மண்டைக்குள் யாரோ ஊசியை ஏற்றுகிற மாதிரி இருக்கிறது என்பாள்.

பாய்லர்காரர் அந்த வீட்டையே ஊமையாக்கக் கிளம்பினார். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டினார். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார். பாத்திரங்களைப் பின்பக்கம் கொண்டு போனார். எதிர்வீட்டுக்காரனிடம் பைக்கைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். சொன்ன தோரணை சண்டைக்குப் போன தோரணை. அவன் பயந்துபோய் இன்றுவரை தள்ளிக்கொண்டுதான் வருகிறான்.

அவள் கேட்டது ஒன்றுதான். கூடத்துக் கட்டிலில் படுத்தபடியே பழைய படங்களை முதலிலிருந்து கடைசிவரை பார்க்க வேண்டும். கேபிளில் போட்டால் நடுவில் விளம்பரம் வந்து அலறுகிறது. போன் திரையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஆலையில் கூட வேலை செய்கிற எலக்ட்ரீஷியன், வீட்டு டிவியோடு இணைக்கிற மாதிரி ஒரு சின்னக் கம்ப்யூட்டரைச் சேர்த்துவிட்டால் நாளெல்லாம் படம் ஓட்டலாம் என்று யோசனை சொன்னான். படங்களை நிரப்பித் தருவது தன் பொறுப்பு என்றான். பாய்லர்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். கையிலிருக்கிற காசுக்குள் முடிய வேண்டும், ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து மூச்சுச் சத்தம்கூட வரக் கூடாது. அது ஒன்றுதான் அவருடைய நிபந்தனை.

உதிரிபாகக் கடைச் சந்தில் ஒரு கடைக்காரர் இருந்தார். பொறுமைசாலி, பாவம். பாய்லர்காரர் வேலை விட்டு வருகிறபோதெல்லாம் அங்கே போய் நின்று அவர் உயிரை வாங்கினார். தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்டால் அதற்கென்று இன்னொரு விசிறி சுற்றும், அதனால் வேண்டாம். படம் காட்டுகிற சக்தி உள்ளேயே இருக்கிற பிராசஸர் போதும். சுற்றுகிற டிஸ்க் கரகரக்கும், அதனால் சுற்றாத எஸ்எஸ்டி. மெமரி ஒரே ஒரு துண்டு. படம் பார்க்க அதற்கு மேல் எதற்கு? கேபினட் பழசுதான், ஆனால் தகடு கனம். பிராசஸர் விசிறி மட்டும் இருப்பதிலேயே பெரியதாக, மெதுவாகச் சுற்றுவதாக வாங்கினார். பாதிக் காசு அதிலேயே போய்விட்டது.

கடைசியில் நின்றது மின்சாரம் ஊட்டுகிற பவர் சப்ளை பெட்டி. கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்து ஓடவிட்டுக் காட்டினார். மலிவானது லோடு ஏறினால் கொய்யென்று கத்தும், நோயாளி இருக்கிற வீட்டுக்கு அது சரிப்படாது என்றார். பாய்லர்காரர் குனிந்து இரண்டிலும் காதை வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பிறகு உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கொதிகலன் அறையில் அதுதான் வழக்கம். அந்த இரைச்சலில் பம்பு நலமா என்று எவனும் காதால் கேட்பதில்லை, கையை வைப்பான். அதிர்ந்தால் கோளாறு, அதிராவிட்டால் நலம். மலிவுப் பெட்டி அவர் கைக்குக் கீழே கல் மாதிரி அசையாமல் இருந்தது.

"யாருகிட்ட காது குத்துற? நான் மெஷினோடயே வாழ்ந்தவன்யா."

கடைக்காரர் அவர் காதைப் பார்த்தார். மலிவானதையே கட்டிக் கொடுத்தார். இவரும் மிச்சம் பிடித்த காசில் கம்பியில்லாத ஒரு மவுஸ் வாங்கினார். அவள் கைக்கு எட்டுகிற மாதிரி தலையணைப் பக்கத்தில் வைக்கலாமே என்ற நினைப்பு. அந்த நல்லெண்ணத்தைத்தான் மன்னிக்கவே முடியவில்லை.

கூடத்தில் வைத்து முதல் படம் ஓடியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளை தோற்றான். அவளுக்கு உறுத்தாத அளவுக்கு ஸ்பீக்கரைக் குறைத்துவிட்டு, தான் திரையின் அடியில் ஓடுகிற எழுத்தைப் படித்துக்கொண்டார். சத்தம் இருக்கா, சத்தம் இருக்கா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"இல்லீங்க. நல்லாருக்கு," என்றாள் அவள்.

அந்தப் பெட்டி கொய்யென்று கத்திக்கொண்டிருந்தது. அவர் வேலைக்குப் போகும்போது, அவளுக்குத் துணையாக ஓடட்டும் என்று போட்டுவிட்டே போவார். மவுஸால் படத்தை நிறுத்தினாலும் பெட்டியின் கத்தல் நிற்காது. ஒருநாள் பொறுக்க முடியாமல் பெட்டியையே அணைத்துவிட்டாள். வேலை விட்டு வந்தவர், மனைவிக்காகச் செய்தது கெட்டுப்போய்விட்டது என்று முகம் செத்துப்போய், சாப்பிடாமல் அதைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் அணைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டு வாங்கிக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். அவர் கேட்டதற்குக் குளிர் என்றாள். அவர் மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்.

வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். எப்படிச் சொல்வாள்? சத்தம் வருகிறது என்றால், உங்கள் காது போய்விட்டது என்றுதானே அர்த்தம்? சாகப்போகிற நேரத்தில் அதையும் அவர் தலையில் போட அவளுக்கு மனசு வரவில்லை.

போட்டு உடைத்தது அவள் தங்கை. அக்காவைப் பார்க்க ஊரிலிருந்து வந்தவள், பையைக் கீழே வைக்கும் முன்பே காதைப் பொத்திக்கொண்டாள். படுக்கையிலிருந்து அக்கா கண்ணைக் காட்டியும் அவள் நிறுத்தவில்லை.

"என்ன மாமா இது? இந்தச் சத்தத்துலயா அக்காவப் போட்டு வெச்சிருக்கீங்க? எனக்கே பல்லு கூசுது. உங்களுக்குக் கேக்கலையா?"

பாய்லர்காரர் முகத்தில் ஈ ஆடவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் பார்வையைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபிக்கிற ஆளாயிற்றே, கோபிக்கவில்லை. ஸ்விட்சை அணைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு அந்தச் சந்துக்கே போனார். இவர் கேட்கும் முன்பே கடைக்காரர் விலை கூடியதை எடுத்து வைத்தார். வந்து மாட்டி, ஓடவிட்டு, இந்த முறை கையை வைக்கவில்லை. மச்சினியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார். இப்போது சுத்தமாக இல்லை, மாமா, ஓடுவதே தெரியவில்லை என்று அவள் அடித்துச் சொன்னாள். அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

தங்கை ஊருக்குத் திரும்பிப் போனாள். மறுநாள் காலையில் தலையணை உறையை மாற்றும்போது மனைவி காதில் பஞ்சைப் பார்த்தார். பழசு இல்லை, புதுப் பஞ்சு. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"அதான் சத்தமே போயிடுச்சே. இன்னும் எதுக்கு இந்தப் பஞ்சு?"

ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் கண் இறுக மூடித் திறந்தது. கரண்டி விழுந்தால் மூடுமே, அதே மாதிரி. முதலில் அவருக்குப் புரியவில்லை. என்னம்மா செய்யுது என்று இன்னும் பக்கத்தில் குனிந்து கேட்டார். அவள் கண் மறுபடியும் இறுகியது. கை தானாகக் காதுக்குப் போனது. பாதி வழியில் அதைத் தடுத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொதிகலன் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. நாற்காலிக்கு ரப்பர் போட்டார், கீலுக்கு எண்ணெய் விட்டார், எதிர்வீட்டுக்காரனிடம் சண்டைக்குப் போனார். தொண்டையை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. சத்தம் இருக்கா, சத்தம் இருக்கா என்று அந்தத் தொண்டையால்தானே நாள் முழுக்கக் கேட்டிருக்கிறார்!

அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் அவர் வாய் திறக்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் டம்ளரைத் தூக்கிக் காட்டுவார். படம் மாற்ற வேண்டுமா என்றால் டிவியைக் காட்டுவார். அவள் தலையசைப்பாள். இருவரும் பேச்சில்லாமல் படம் பார்த்தார்கள். பெட்டி ஓடுவதே தெரியவில்லை.

அவள் உயிர் போன அன்று மத்தியானம், இடது காதிலிருந்த பஞ்சைத் தானே எடுத்துப் படுக்கையில் போட்டாள். போட்டுவிட்டு அவரையே பார்த்தாள். உதடு அசைந்தது.

"பேசுங்க."

அது அவருக்குக் கேட்கவில்லை, உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். குனிந்து வாயை அவள் காதருகே கொண்டுபோனார். கத்திவிடுவோமோ என்று பயம். தொண்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். அவள் கண் மூடி இறுகவில்லை. அதனால் கத்தவில்லை என்று மட்டும் அவருக்குத் தெரியும். சத்தம் வெளியே வந்ததா, வெறும் உதடுதான் அசைந்ததா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.