ராமாயி அக்காவின் கடைசி அடி

நேற்று நாமக்கல்லில் அப்பாவுக்குப் பாராட்டு விழா. நாட்டுப்புறப் பாட்டைக் காப்பாற்றியவராம். ஒலிபெருக்கியில் கும்மிப் பாட்டு கிளம்பியதும், பிடுங்கிய கடலைச்செடியின் ஈர மண்வாசம் என் மூக்கில் ஏறியது.

எங்கள் காட்டில் கடலைக்காய் ஆய வரும் ராமாயி அக்கா கட்டிய பாட்டு அது. எந்தப் பாட்டையும் கடைசி அடியில் தன் பெயரை வைத்துத்தான் அக்கா முடிப்பாள். அவள் பாடப்பாட, என்னை நோட்டில் எழுதச் சொன்னார் அப்பா.

"எம்பேர உட்றாத சாமி," என்றாள் என்னிடம்.

"அதெப்புடி ராமாயி உடுவோம்?" என்றார் அப்பா.

நேற்று அந்தக் கடைசி அடியில், ராமாயி இருந்த இடத்தில், அப்பாவின் பெயர் வந்தது. மண்டபமே கைதட்டியது. அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று நான் 'ராமாயி' என்று எழுதியதை வாங்கிப் பார்த்து, தப்பில்லை என்று முதுகில் தட்டிக்கொடுத்தவரும் அவர்தான்.