கிளட்ச் இல்லாத காடி

தினம் ரெண்டு வேளை விளக்கு ஏத்துற வீடு எங்க வீடு. சாமி உண்டுன்னு அடிச்சுச் சொல்லுவேன். ஆனா செத்தவன் திரும்பி வந்தான்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து போயிடுற ஆளு நான். தோட்டத்து லயத்துல எத்தனையோ கதை கேட்டிருக்கேன், எல்லாம் சம்சுச் சாராயம் பேசுதுன்னு சிரிச்சிருக்கேன். இப்ப நீங்க என்னைப் பாத்துச் சிரிப்பீங்க, சிரிங்க. காலையில பத்து மணி வெயில்ல என் கண்ணு முன்னால நடந்ததைத்தான் எழுதுறேன்.

எழுபதுகளோட கடைசி அது. மலேசியாவுல பீடோர் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டம். அங்கேர்ந்து ஒட்டுப்பால் மூட்டையை ஈப்போவுக்குக் கொண்டு போற லோரியில நான் கெலின்டான், அதாவது மூட்டை ஏத்தி இறக்குற ஆளு. ஓட்டுறது சங்கரன். லோரி நல்லதம்பி கண்ட்ராக்டரோடது. தோட்டத்தை விட்டு வெளிய வர ஒரே பாதை, அதுல ஒரு செங்குத்தான இறக்கம், அடியில பெரிய துரியான் மரம். பாரத்தோட இறங்கணும்னா மேலேயே ரெண்டாவது கியரைப் போட்டுக்கிட்டு, இஞ்சினே வண்டியைப் பிடிச்சு நிறுத்துற மாதிரி உறுமிக்கிட்டே வரணும். சங்கரன் அப்படித்தான் வருவான். கண்ட்ராக்டருக்கு அது ஆகாது. எண்ணெய் வீணாகுது, ஃப்ரீ கியர்ல உருட்டி விடும்பாரு. மத்த டிரைவருங்க அவருக்குப் பயந்து உருட்டுவாங்க. சங்கரன் மட்டும், "எண்ணெய் உங்களது, உசுரு என்னதுலா"ன்னு சொல்லிட்டு அவன் பாட்டுக்கு வருவான்.

தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருந்துச்சு. சங்கரன் காவடி எடுக்கறதா வேண்டுதல், கையில காப்புக் கட்டி ஒரு வேளைச் சாப்பாடு, வெறுந்தரையில படுக்கை. அன்னிக்குக் கண்ட்ராக்டரும் ஈப்போவுக்கு வரணும்னு முன்னால ஏறிக்கிட்டாரு, நான் பின்னால மூட்டை மேல. இறக்கம் ஆரம்பிச்சதும் உள்ள ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. பின்கண்ணாடி வழியா எட்டிப் பாத்தேன். கண்ட்ராக்டரோட மோதிரம் போட்ட கை நீண்டு கியர் கம்பியைப் பிடிச்சு ஃப்ரீயில தள்ளுச்சு. நான் பாத்தேன், முருகன் சத்தியமா பாத்தேன்.

லோரி பறக்குது. கியரு மறுபடி உள்ள போகல. சங்கரன் இடது காலால கிளட்சைத் தடக் தடக்குன்னு மிதிக்கிறான், அந்தச் சத்தம் எனக்குக் கேக்குது. பிரேக்கு ஏற்கெனவே தேஞ்சது. கண்ட்ராக்டர் கதவைத் திறந்து குதிச்சிட்டாரு, நான் மூட்டையோட லாலாங் புல்லுல விழுந்தேன். கீழ ரப்பர் பால் நிறுக்குற கொட்டாயில பொம்பளைங்க வரிசையா நின்னாங்க. சங்கரன் அவங்க பக்கம் விடாம வண்டியைக் கொண்டு போயி துரியான் மரத்துல மோதிட்டான். அங்கேயே உசுரு போயிடுச்சு.

கண்ட்ராக்டருக்கு இடது கால் நொறுங்கிப் போச்சு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே ஆளை வச்சு போலீசுக்கு மலாயில ஒரு காயிதம் எழுதுனாரு, டிரைவர் குடிச்சிருந்தான்னு. சாட்சிக் கையெழுத்து நான் போடணும். போடலன்னா நாளையிலேர்ந்து வேலை இல்லன்னாரு. வீட்டுல என் சம்சாரம் ஏழு மாசம். போட்டேன். விரதம் இருந்தவனைக் குடிகாரன்னு எழுதிக் குடுத்தவன் நான், இதுக்கு மேல என்னத்தை மறைக்கிறது. சங்கரன் சம்சாரம் அஞ்சலை கருமாதி அன்னிக்கு அழல. காப்பு அவுக்காம அவரு எங்கயும் போக மாட்டாரு, பொய் சொன்னவங்களை விடவும் மாட்டாருன்னு எல்லார் முன்னாலயும் சொல்லுச்சு. நான் தலை நிமிரல.

கண்ட்ராக்டர் கால் விறகுக்கட்டை மாதிரி ஆயிடுச்சு, கையால தூக்கித்தான் நகத்தி வைக்கணும். கிளட்ச் மிதிக்க முடியாதுன்னு ஒரு ஆட்டோ காடி, அதாவது ஆட்டோமேட்டிக் காரு, வாங்குனாரு. எங்க பக்கம் அதுக்கு முன்னால யாரும் பாத்ததில்ல. வலது கால் மட்டும் போதும், கியரெல்லாம் அதுவே மாத்திக்கும். ஒரே பெருமை. "பாத்தியாடா, கிளட்சே இல்ல. இனிமே எந்த டிரைவரும் எனக்குப் பாடம் சொல்ல வேணாம்"னாரு.

அடுத்த தைப்பூசத்துக்கும் அதே பத்து நாள் இருக்கையில என்னைக் கூட வாடான்னு ஏத்திக்கிட்டாரு. அதே இறக்கம். அவரு ரெண்டு கையும் ஸ்டேரிங்ல. நடுவுல இருந்த கியர் கம்பி யாரோ பிடிச்சுத் தள்ளுற மாதிரி மெதுவா முன்னால நகந்து ஃப்ரீயில போயி நின்னுச்சு. நம்புனா நம்புங்க, நம்பாட்டி போங்க. பிரேக்கை அமுக்குறாரு, சேத்துல கால் விட்ட மாதிரி உள்ள போகுது. காடி உருள ஆரம்பிச்சிடுச்சு. அப்பதான் அந்தச் செத்த கால் எழும்புச்சு. எழும்பி, ஒண்ணுமே இல்லாத வெறுந்தரையில மிதிக்குது. தடக் தடக். கீழ கம்பளம் விரிச்ச காடி, ஆனா சத்தம் இரும்பு மிதிக்கிற சத்தம்.

பிடிடா பிடிடான்னு கத்துனாரு. ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சேன். என்னையும் சேத்துத் தூக்கித் தூக்கி மிதிச்சுது அந்தக் கால். மரம் கிட்ட வந்துடுச்சு.

"சங்கரா, நான் பொய் எழுதுனேன், சொல்லிடுறேன்டா, சொல்லிடுறேன்"னேன்.

இஞ்சின் உறுமுச்சு. ரெண்டாவது கியர் போட்டா லோரி உறுமுமே, அதே உறுமல். காடி தளந்து தளந்து வந்து மரத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்னுச்சு. கியர் கம்பி அப்பவும் ஃப்ரீயிலதான் இருந்துச்சு.

நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணேன்னு கெஞ்சுனேன். செத்தவனுக்கு நான் எதுக்குடா பதில் சொல்லணும்னாரு. சொல்லி வாய் மூடல, கால் மறுபடி ஆரம்பிச்சிடுச்சு. அது நிக்கவே இல்லங்க. டாக்டர், சாமியாடி, மலாய் மந்திரவாதி போமோ, எல்லாரும் பாத்தாச்சு. தூக்கத்துலயும் மிதிச்சுது. பலகை வீடு, பக்கத்து வீட்டுக்காரங்க சத்தம் தாங்காம வேற வீடு பாத்துப் போனாங்க. ரெண்டு வருசம் அப்படியே மிதிச்சு மிதிச்சுச் செத்தாரு, கடைசி வரைக்கும் சொல்லல.

நான் மரத்துகிட்ட காடி நின்ன அன்னிக்குச் சாயங்காலமே அஞ்சலை வீட்டுக்குப் போயி எல்லாத்தையும் சொன்னேன். அது அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்துச்சு, கை நிக்கல.

"தெரியும்ண்ணே. நீங்க எப்ப வருவீங்கன்னுதான் இருந்தேன். எங்கிட்டச் சொல்லி என்ன, அந்தக் காயிதத்தை எப்ப மாத்துவீங்க?"

நாளைக்கே போலீசுக்குப் போறேன்னேன். நாளைக்கு, அடுத்த வாரம், குழந்தைக்கு மொட்டை போட்டுட்டுன்னு தள்ளுனேன். போகவே இல்ல. ஒரு மனுசன் பேரு குடிகாரன்னு என் கையெழுத்தோட அங்கேயே கிடக்குது. தினமும் முருகன்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன், ஆனா அந்தக் காயிதம் அவருகிட்ட இல்லையே.

இப்ப என் மகன் ஆட்டோ காடிதான் வச்சிருக்கான், நான் பக்கத்துல உக்காந்துதான் கோயிலுக்குப் போவேன். போன மாசம் காடி கழுவுறப்ப கூப்பிட்டுக் காட்டுனான். "அப்பா, உங்க பக்கத்துக் கால் மேட்டு மட்டும் ஏன்ப்பா இப்படி?"

நான் உக்கார்ற பக்கம், இடது கால் வைக்கிற இடத்துல, குதிகால் அளவுக்கு ரப்பர் தேஞ்சு ஓட்டையாகி இருந்துச்சு. வாங்கி ஆறு மாசம் ஆகல. புது மேட்டு போட்டான். அதுலயும் ஆரம்பிச்சிருக்கு.