ஸ்பெஷலுக்கு இரண்டு விண்ணப்பங்கள்

வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் பொலிஸ் பதிவுப் படிவம் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகிக் கிடக்கும். வீட்டில் யார் யார், எந்த ஊர், அடையாள அட்டை இலக்கம் என்ன, கொழும்பில் தங்கியிருக்கக் காரணம் என்ன என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். மற்றக் கட்டங்களை வீட்டுக்கார அன்ரி மளமளவென்று நிரப்பிவிடுவார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனையை நிறுத்தி என்னைப் பார்ப்பார். "படிப்பு" என்று நான் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்த பதில்தான். என்றாலும் என் வாயால் வந்தால்தான் எழுதுவார்.

அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நான் கொழும்பில் இருந்தேன். யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியிருந்தது. அம்மாவின் கடிதம் கப்பலில் வந்து சேர ஒரு மாதமாகும், சிலவேளை இரண்டும் ஆகும். கையில் பல்கலைக்கழகத்தின் கம்பஸ் அட்டை இருந்தால் செக்பொயிண்டில் இரண்டு கேள்வி குறையும். அட்டை இல்லாத யாழ்ப்பாணத்துப் பிள்ளையை என்ன கேட்பார்கள் என்பதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

முதலாம் வருஷச் சோதனை முடிந்ததும் கம்பஸ் முழுக்க ஒரே பேச்சு: ஸ்பெஷலா, ஜெனரலா? ஜெனரல் என்றால் மூன்று பாடம், மூன்று வருஷம், பட்டத்தை வாங்கிக்கொண்டு போகலாம். ஸ்பெஷல் என்றால் ஒரே பாடம், நாலு வருஷம், கடைசியில் சொந்தமாக ஓர் ஆய்வு. மற்றவர்கள் வகுப்புச் சித்தி, விரிவுரையாளர் வேலை, வெளிநாட்டுப் புலமைப்பரிசில் என்று உயரத்தில் நின்று கதைத்தார்கள். எனக்கு அந்த உயரமெல்லாம் இல்லை. ஸ்பெஷல் கிடைத்தால் அன்ரியின் கட்டத்தில் இன்னொரு வருஷம் "படிப்பு" என்று எழுதலாம். அவ்வளவுதான்.

புவியியலில் ஸ்பெஷலுக்குத் தமிழ் மூலம் நாலு பேரை எடுப்பதாகச் சொன்னார்கள். எங்கள் புள்ளிகள் பலகையில் ஒட்டிக் கிடந்தன. முதல் மூன்று பேரை அசைக்க முடியாது. நாலாவது என் அறைத்தோழி. ஐந்தாவது நான். எங்கள் இருவருக்கும் இடையில் நாலே நாலு புள்ளிகள்.

அவள் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. தொழிலாளர் குடியிருக்கும் அவர்களுடைய லயத்திலிருந்து கம்பஸுக்கு வந்த முதல் ஆள். எங்கள் அறை யன்னலில் மற்றப் பெண்கள் பவுடர் டப்பா வைக்கிற இடத்தில் அவள் கற்களை வைத்திருந்தாள். மழை பெய்தால் நான் கொடியிலிருந்து உடுப்பை எடுக்க ஓடுவேன், அவள் எந்தத் திசையிலிருந்து பெய்கிறது என்று பார்க்க ஓடுவாள். நான் புவியியல் எடுத்த கதை வேறு. பாட நேரசூசியில் அது ஒன்றுதான் வேறெதோடும் மோதாமல் இருந்தது.

மூன்று வருஷத்தில் வந்துவிடு, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறது என்று அவளுடைய வீட்டில் ஒற்றைக்காலில் நின்றார்கள். இரண்டு மாதம் கடிதத்திலேயே சண்டை பிடித்து அந்த நாலாவது வருஷத்துக்குச் சம்மதம் வாங்கினாள். எனக்குப் பயம், அவளுக்கு ஆசை. இரண்டும் ஒரே கதிரைக்கு.

அது எங்கள் இருவருக்கும் தெரியும். அவளே ஒருநாள் பகிடியாகச் சொன்னாள்: "ரெண்டு பேரும் போடுவோம் புள்ள. கெடைக்கிறவங்க மத்தவங்களுக்கு ஒரு வருசம் சோறு போடணும். சரியா?"

"உம்மட சோத்தை ஆர் சாப்பிடுறது? உப்பே இல்லை" என்றேன் நான். இருவரும் சிரித்தோம்.

விண்ணப்பத்தின் கடைசியில், இந்தப் பாடத்தைத் தெரிவு செய்யக் காரணம் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. இந்தப் பாழாய்ப்போன நாட்டில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் என்னிடம் காரணம் கேட்டது. பொலிஸுக்குப் பயம் என்று அதில் எழுத முடியுமா? பேனையைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவள் படிவத்தை என் கையிலிருந்து பிடுங்கி, ஒரு தாளில் விறுவிறுவென்று எழுதித் தந்தாள். "எங்கள் ஊரில் ஆறு இல்லை. கிணற்றை நம்பி வாழ்கிற மண்ணிலிருந்து வருகிறேன். நிலத்துக்குக் கீழே தண்ணீர் எப்படி நடமாடுகிறது என்று அறிய ஆசைப்படுகிறேன்." எங்கள் வளவுக் கிணற்றைப் பற்றி எப்போதோ ஒருதரம் நான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். நான் அதை அப்படியே பார்த்து எழுதினேன்.

வெண்ணெய் திரளும் நேரம் தாழி உடைந்த மாதிரி, கடைசித் திகதிக்கு மூன்று நாள் இருக்க அவளுக்குக் கொப்புளிப்பான் வந்தது. அன்ரி வேப்பிலையைக் கொண்டுவந்து கட்டிலில் பரப்பி, "பிள்ளை, வாசல் தாண்டக் கூடாது" என்று கட்டளை போட்டுவிட்டார். எனக்குச் சின்ன வயதிலேயே வந்துபோனதால் நான் அதே அறையில் இருந்தேன். கடைசி நாள் மத்தியானம் அவள் தன் விண்ணப்பத்தை என் பைலுக்குள் வைத்தாள். முகமெல்லாம் கொப்புளம், கண் மட்டும் தெரிந்தது.

"மூணு மணிக்குப் பூட்டிடுவாங்க. மறந்துடாதீங்க."

"நான் ஏன் மறக்கிறன்? நீர் பேசாமல் படும்" என்றேன்.

நூற்றைம்பத்தைந்தாம் நம்பர் பஸ்ஸில் போனேன். வழியில் ஒருமுறை செக்பொயிண்டில் இறக்கிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம்தான். இரண்டு மணிக்கெல்லாம் அலுவலகக் கவுண்டரில் நின்றேன். அங்கே இருந்தவர் ஒரு சிங்களப் பெண், மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர். நான் பைலைத் திறந்தேன். என்னுடையதை எடுத்துக் கொடுத்தேன். அவர் திகதி முத்திரையைக் குத்தினார். நான் பைலை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

முன்கூட்டித் திட்டம் போட்டு அதைச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். தற்செயலாகச் செய்தேன் என்றும் சொல்லமாட்டேன். கை ஒன்றைத்தான் எடுத்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கன்ரீனில் பால் விடாத ஒரு பிளேன்ரீ வாங்கிக்கொண்டு இருந்து வசனம் பாடமாக்கினேன். "செக்பொயிண்டில மறிச்சு வச்சிட்டாங்கள். நான் போக கவுண்டர் பூட்டிட்டுது. என்ரைய மட்டும் நேற்றே குடுத்திட்டன்." எவ்வளவு சுகமான பொய்! அந்த நாட்களில் செக்பொயிண்டில் மறித்தார்கள் என்று சொன்னால் அதற்குமேல் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். பாவம் என்று தேத்தண்ணி போட்டுத் தருவார்கள். அவளும் அப்படித்தான் செய்வாள், கொப்புளத்தோடு எழும்பி வந்தென்றாலும். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே, அந்த வேலையைத்தான் நான் பிளேன்ரீ குடித்துக்கொண்டு செய்தேன்.

பிறகு அவளுடைய விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்தானே. கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். காரணம் என்ன என்ற இடத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

"எனக்குப் புவியியல் பிடிக்கும்."

அவ்வளவுதான். நல்ல வசனத்தையெல்லாம் எனக்குத் தந்துவிட்டு, தனக்கு இவ்வளவு போதும் என்று விட்டிருக்கிறாள். என் மேல் எனக்கு அப்படியொரு அருவருப்பு அதற்கு முன் வந்ததில்லை. கோப்பையை வைத்துவிட்டு ஓடினேன்.

கவுண்டர் பலகையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மணி மூன்று பத்து. "நங்கி, வஹலா" என்றார் அந்தப் பெண். பூட்டியாகிவிட்டது, தங்கச்சி. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். செக்பொயிண்டில் மறித்துவிட்டார்கள் மிஸ், அதுதான் பிந்திவிட்டது என்றேன். பாடமாக்கின பொய்தான், வேறு காரியத்துக்கு உதவியது.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு மணித்தியாலத்துக்கு முன் இதே கவுண்டரில் இதே என் கையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை வாங்கி முத்திரை குத்தியவர் அவர்தான். அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். விண்ணப்பத்தில் இருந்த பெயரைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். முத்திரை விழுந்த சத்தம் கேட்டது. அவர் பலகையை முழுதாக இறக்கினார்.

வீட்டுக்குப் போனதும், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று அவள் கேட்டாள். "செக்பொயிண்ட்" என்றேன். "ஐயோ" என்றாள். அன்ரி தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

பட்டியல் வந்தது. நாலாவது பெயர் அவளுடையது. என் பெயர் இல்லை. ஓடிப்போய்க் கொடுத்த பெருந்தன்மையெல்லாம் அந்தப் பலகைக்கு முன்னால் காணாமல் போய்விட்டது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு கிழமை அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பைலை மூடியபடியே வைத்திருந்திருக்கலாமே என்றும் நினைத்தேன். ஒருமுறை அல்ல, பல முறை.

மூன்று வருஷம் முடிந்தது. ஜெனரல் பட்டம், காலாவதியான கம்பஸ் அட்டை. அன்ரி சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்து படிவத்தை எடுத்துக் கடைசிக் கட்டத்தில் பேனையை நிறுத்தினார்.

"இனி என்னத்தைப் பிள்ளை எழுதுறது?"

"வேலை தேடுறன் எண்டு எழுதுங்கோ."

பொலிஸில் அதை ஏற்கவில்லை. ஒரு மாதத்துக்குள் சரியான காரணம் காட்டு, இல்லாவிட்டால் அறையை விடு என்றார்கள். அறையை விட்டு எங்கே போவது? பாதை இன்னும் பூட்டித்தான் கிடந்தது. அந்த மாதம் இரண்டு சுற்றிவளைப்பு நடந்தது. விடியற்காலையில் கதவு தட்டினால் பழைய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். திகதி இருக்கிற மூலையைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது அவள் கம்பஸிலிருந்து ஒரு கடிதத்தோடு வந்தாள். அவளுடைய நாலாம் வருஷ ஆய்வு மட்டக்குளி வீடமைப்புத் தொடர்களில் குழாய்த் தண்ணீர் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது. வீடு வீடாகப் போய்க் கேள்விக்கொத்து நிரப்ப வேண்டும். அதற்கு ஆய்வு உதவியாளர் ஒருவர் தேவை என்றும், அவர் இன்னார் என்றும், கம்பஸ் முத்திரையோடு என் பெயரைப் போட்டு விரிவுரையாளரிடம் கையெழுத்து வாங்கியிருந்தாள்.

"இப்பிடி ஒரு வேலை இருக்கா?" என்று கேட்டேன்.

"இப்ப இருக்கு" என்றாள். "சோறு போடுறேன்னு சொன்னேன்ல."

அன்ரி கடைசிக் கட்டத்தில் "ஆய்வு" என்று எழுதினார். பொலிஸில் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஒரு வருஷம் அந்தக் கடிதம்தான் என்னைக் காப்பாற்றியது. நாங்கள் மட்டக்குளியில் குழாயடி குழாயடியாக நின்றோம். வாளி வரிசையில் முன்னுக்கு நிற்பவர் யார், பின்னுக்கு நிற்பவர் யார் என்று நான் கேட்பேன், அவள் எழுதுவாள். மத்தியானம் கொட்டாஞ்சேனையில் அவளுடைய மாமா வீட்டில் சாப்பாடு. அங்கே உப்புச் சரியாக இருக்கும். எனக்குத் தண்ணீரைப் பற்றி நிசமாகவே ஆசை வந்தது அந்த வருஷத்தில்தான், பட்டம் முடிந்த பிறகு. வருஷக் கடைசியில் கொட்டாஞ்சேனையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலையும் கிடைத்தது, புவியியல் படிப்பிக்க.

அவள் ஆய்வைப் பைண்ட் செய்து கொண்டுவந்த நாள் நல்ல மழை. நீல மட்டை, பொன் எழுத்து. சீலைத் தலைப்பால் துடைத்து என் மடியில் வைத்தாள். "முதல்ல நன்றிப் பக்கத்தைப் பாருங்க" என்றாள்.

விரிவுரையாளருக்கு, அம்மா அப்பாவுக்கு, மட்டக்குளி மக்களுக்கு என்று போய்க் கடைசியில் ஒரு வரி: "நான் நோயில் கிடந்த நாளில், செக்பொயிண்டில் மறிபட்டும், இந்தப் படிப்புக்கான என் விண்ணப்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த தோழிக்கு."

எழுத்துகள் எனக்கு மங்கின. சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. வாய் வேறொன்றைச் சொன்னது.

"இந்தச் செக்பொயிண்ட் கதையை எடுத்திருக்கலாம்."

"பைண்ட் பண்ணியாச்சே" என்றாள் அவள். பிறகு கொஞ்சம் பயந்தமாதிரி என் முகத்தைப் பார்த்தாள். "ஏன், அப்பிடித்தானே நடந்திச்சு?"

"ஓம்" என்றேன்.