சூடாகாத டொலுயீன்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு அது பதினெட்டாவது வருடம். ஆஸ்துமாவுக்குப் புது மருந்து தேடும் திட்டம் ஒன்றில், மூச்சுக்குழாயைத் தளர்த்தக்கூடிய பத்து சேர்மங்களைச் செய்து அனுப்புவது எங்கள் பொறுப்பு. மூன்று வாரம்தான் பாக்கி. கையில் இருந்ததோ ஒன்றே ஒன்று. கடைசி வேதிவினையைச் சூடான எண்ணெய்த் தொட்டியில் பதினாறு மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். நடுவில் கரண்ட் போய்விடும். குடுவையில் மிஞ்சுவது தார் மாதிரி ஒரு கறுப்பு.

துறைத்தலைவர் அருள்ராஜ் சார் குடுவையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இப்படியே போனா வேலைய வேற லேபுக்குக் குடுத்துருவாவ. அந்த மைக்ரோவேவ்ல வச்சுப் பாருங்களேன்" என்றார்.

சமையலறை மைக்ரோவேவ் அல்ல. இறுக மூடிய சிறு கண்ணாடிக் குப்பியில், வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளந்துகொண்டே வினையைச் சூடாக்கும் ரியாக்டர். வந்து ஒரு மாதமாகியும் நான் தொடவில்லை. குப்பி வெடித்துவிடுமோ என்ற பயம்.

மறுநாள் காலை, வழக்கமான டொலுயீன் கரைப்பானிலேயே எல்லாவற்றையும் போட்டு வைத்தேன். பத்து நிமிடமாகியும் வெப்பம் அறுபதைத் தாண்டவில்லை. டெக்னீஷியன் செல்வின் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

"யக்கா, மிஷின் சூடே ஆக மாட்டேங்கு. கம்பெனிக்காரன வரச் சொல்லிருவமா?"

"இருங்க செல்வின். வெறும் தண்ணிய வச்சுப் பாப்போம்."

தண்ணீர் ஒரு நிமிடத்தில் சூடேறிவிட்டது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. எண்ணெய்த் தொட்டியில் எந்தக் கரைப்பானும் வெளியிலிருந்து சூடாகும். மைக்ரோவேவிலோ கரைப்பானே அலையை உறிஞ்ச வேண்டும். டொலுயீன் அதை அப்படியே ஊடுருவ விட்டுவிடும். வருடாவருடம் வகுப்பில் நானே சொல்லும் பாடம்!

டொலுயீனுக்குப் பதில், அலையை நன்றாக உறிஞ்சும் எத்தனால் ஊற்றி, நூற்று நாற்பது டிகிரி வைத்தேன். அழுத்தம் ஏற ஏற நான் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன். பன்னிரண்டே நிமிடம். சேர்மம் சுத்தமா என்று காட்டும் டிஎல்சி தகட்டைப் புற ஊதா விளக்கில் காட்டினால், கலப்பில்லாமல் ஒரே புள்ளி.

"பொட்டு வச்ச மாதிரில்லா இருக்கு!" என்றார் செல்வின்.

மற்றவற்றையும் அதே முறையில் செய்து, கெடுவுக்குள் ஒன்பது அனுப்பினோம். பத்தாவது கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. ஒன்பதில் இரண்டு, சோதனையில் மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தின. அந்த மின்னஞ்சலை அருள்ராஜ் சார் இரண்டு முறை உரக்கப் படித்தார். அவற்றில் ஒன்று இப்போது அடுத்த கட்டச் சோதனையில் இருக்கிறது. மருந்தாகுமா என்பது இன்னும் தெரியாது. ஆகும் என்றுதான் நினைக்கிறேன்.

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அடுப்பை மாற்றினால் செய்முறையையும் முதலிலிருந்து யோசியுங்கள். கருவியைக் குறை சொல்லும் முன் ஒரு குப்பி தண்ணீரை வைத்துப் பாருங்கள்.